ரெரா முகவர், பொறியாளர், மதிப்பீட்டாளர்: ஒரே விசிட்டிங் கார்டில் எத்தனை தகுதிகளைப் போடலாம்?

கேள்வி: கொளத்தூர் மனை முகவர்

அனைவருக்கும் வணக்கம். கொளத்தூரில் இரட்டை ஏரிக்கு அருகே சிறிய அலுவலகம் வைத்து, வீடும் மனையும் வாங்கி விற்கத் துணை நிற்கும் தொழிலை ஒன்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நான் படித்தது கட்டடப் பொறியியல். கட்டட வரைபடங்களில் கையொப்பமிடும் பதிவு பெற்ற பொறியாளராகவும் இருக்கிறேன். 2021-இல் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) முகவராகப் பதிவு செய்துகொண்டேன். அதன் பிறகு தேர்வெழுதி, நிலமும் கட்டடமும் என்ற பிரிவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளராகவும் ஆனேன். இவை தவிர, பொறியாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினர், எங்கள் பகுதி முகவர்கள் சங்கத்தில் செயற்குழு உறுப்பினர், அமெரிக்க நிறுவனம் ஒன்று இணையவழியில் நடத்திய வீட்டு விற்பனைப் பயிற்சியை முடித்தவன் என்று மேலும் மூன்று விவரங்கள் இருக்கின்றன.

இப்போதுள்ள என் விசிட்டிங் கார்டில் இவை அனைத்தும் இருக்கின்றன. பெயருக்குப் பின்னால் மட்டும் நான்கு சுருக்கெழுத்துகள். அதன் கீழே ஏழு வரிகள். ஒவ்வொன்றும் உழைத்துப் பெற்றது என்பதால் எதையும் விட மனம் வரவில்லை.

சென்ற மாதம் வியாசர்பாடி சர்மா நகரில் ஒரு வீட்டை விற்றுத் தர வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். கணவர் காலமான பின் தனியாக இருக்கும் வயதான அம்மா ஒருவர் வாசற்படியில் அமர்ந்திருந்தார். என் கார்டை வாங்கியவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, கார்டை வெளிச்சத்துக்கு நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "இவ்வளவு போட்டிருக்கே தம்பி, நீ வீட்டை வித்துக் குடுக்க வந்தியா, விலை மதிப்பு போட வந்தியா?" என்று கேட்டார். விற்றுக் கொடுக்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவர் தலையசைத்துக்கொண்டாரே தவிர, கார்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து இந்த எண்ணம் மனத்தைக் குடைகிறது. எந்தத் தகுதியைப் போடுவது, எதை எடுப்பது, எதை முதலில் வைப்பது? ரெரா பதிவு எண்ணைப் போட்டே ஆக வேண்டுமா? என் தம்பி வழக்கறிஞர். அவர் பெயரையும் 'சட்ட ஆலோசனை' என்று அதே கார்டில் சேர்த்தால் வாடிக்கையாளர்களுக்கு வசதியாக இருக்கும் என்றும் நினைத்திருந்தேன். புதிய கார்டு அடிக்கக் கொடுப்பதற்கு முன், அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: பெரம்பூர் மதிப்பீட்டாளர்

ஐயா, நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மதிப்பீட்டுப் பணியில் இருப்பவன். தரகுத் தொழிலில் எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி என் தொழிலின் ஆணிவேரைத் தொடுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டை விற்றுக் கொடுக்கும் முகவருக்கு, விற்பனை முடிந்தால்தான் கமிஷன். விலை கூடினால் அவருடைய பங்கும் கூடும். மதிப்பீட்டாளரோ அந்த வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் தமக்குக் கிடைக்கும் கட்டணம் மாறாது என்ற நிலையில் இருந்தால்தான் அவர் எழுதும் தொகைக்கு மதிப்பு. 2017-ஆம் ஆண்டின் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகளோடு இணைக்கப்பட்டுள்ள நடத்தை நெறிகள், மதிப்பீட்டாளர் சார்பற்றவராக இருக்க வேண்டும் என்றும், காரியம் கைகூடினால் மட்டும் பெறும் கட்டணத்தை வாங்கக் கூடாது என்றும் சொல்கின்றன. நீங்கள் இரண்டு தொழிலையும் வெவ்வேறு சொத்துகளில் நேர்மையாகவே செய்பவராக இருக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே கார்டில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு ஒருவர் கையில் கொடுக்கும்போது, அவருடைய ஒரே வீட்டுக்கு இரண்டு வேலையையும் செய்து தருவதாகச் சொல்வது போலாகிவிடுகிறது. அந்த அம்மா அப்படித்தான் படித்திருக்கிறார். என் கணக்கில் அவர் சரியாகவே படித்திருக்கிறார்.

நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மாதவரத்தில் ஒருவர் வீடு வாங்க முன்பணம் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். வீட்டைக் காட்டிய முகவரே மதிப்பீட்டாளரும் என்பதால் அவரிடமே அறிக்கை வாங்கி, கடன் விண்ணப்பத்தோடு வைத்துவிட்டார். விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி, கோப்பில் பின் செய்திருந்த விசிட்டிங் கார்டையும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த கையொப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அறிக்கையை ஏற்க முடியாது என்று சொல்லி, வேறொருவரை அனுப்பி மீண்டும் மதிப்பிடச் சொன்னார்கள். அந்த இரண்டாம் மதிப்பீட்டுக்காகச் சென்றவன் நான்தான். முதல் அறிக்கையில் இருந்த தொகையில் பெரிய தவறு எதுவும் இல்லை. இருந்தும் ஐந்து வாரங்கள் வீணாயின. ஒப்பந்தக் கெடு நெருங்கியதால் வாங்குபவர் கடைசியில் கைமாற்று வாங்கிக் கிரயம் முடித்தார்.

ஆகவே உங்களுக்கு இரண்டு கார்டுகள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முகவர் என்ற முறையில் செல்லும் இடத்தில் முகவர் கார்டு. வங்கி, நிறுவனம், தணிக்கையாளர் என்று மதிப்பீட்டுக்காகச் செல்லும் இடத்தில் மதிப்பீட்டாளர் கார்டு. அதில் இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம் வழங்கிய உங்கள் பதிவு எண்ணும், எந்தச் சொத்து வகைக்குப் பதிவு பெற்றிருக்கிறீர்கள் என்பதும் இருந்தால் போதும். வெறுமனே 'பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்' என்று மட்டும் போட்டால், எந்திரங்களுக்கா, பங்குப் பத்திரங்களுக்கா, நிலத்துக்கா என்பது தெரியாது. அவை மூன்றும் தனித்தனிப் பதிவுகள் என்பது உங்களுக்குத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

பொறியாளர் பதிவைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு கடுமையான கருத்து இல்லை. பழைய வீடு பார்க்க வருபவருக்கு, அழைத்து வந்தவர் பொறியியல் படித்தவர் என்று தெரிவது நல்லதே. பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுங்கள். பதிவு எண்ணை வரைபடத்தில் போட்டால் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: எந்தக் காரணத்துக்காகவும் 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல் கார்டில் வரக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி, கட்டடக்கலைக் கழகத்தில் பதிவு பெற்றவர்கள் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். நம் பகுதியில் பொறியாளர்கள் பலர் அறியாமல் அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

பதில் 2: தண்டையார்பேட்டை வாசகி

நான் தொழில்காரர் அல்ல. கார்டுகளை வாங்கிச் சேர்த்தவள். திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்குவதற்காக நானும் என் கணவரும் எட்டு மாதங்கள் அலைந்தோம். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்த பிறகு, எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு முகவர் அலுவலகம் திறந்துவிட்டது. எங்களிடம் பதினோரு கார்டுகள் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொரு கார்டிலும் இருந்த எண்ணை ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள முகவர் பட்டியலோடு ஒப்பிட்டேன்.

ஐந்து கார்டுகளில் எண்ணே இல்லை. ஒன்றில் 'அரசு அங்கீகாரம் பெற்றவர்' என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எந்த அரசு அலுவலகம், எதற்காக அங்கீகரித்தது என்று ஒரு சொல் இல்லை. இரண்டில் முகவரின் பெயருக்குக் கீழே 'சி.எம்.டி.ஏ. அங்கீகாரம்' என்று இருந்தது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் கொடுக்கும் அனுமதியை ஒரு மனிதரின் பெயருக்குக் கீழே எழுதியிருந்ததைக் கண்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா போன்றவர்கள், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மீஞ்சூர் பக்கம் ஒரு மனை வாங்க நினைப்பவர்கள், அந்த ஒரு வரியை நம்பித்தானே பணம் கட்டுகிறார்கள்!

இன்னொரு கார்டில் எண் இருந்தது. ஆனால் அது முகவரின் எண் அல்ல, அவர் அப்போது விற்றுக்கொண்டிருந்த குடியிருப்புத் திட்டத்தின் எண். திட்டத்துக்கான எண்ணில் 'பில்டிங்' அல்லது 'லேஅவுட்' என்ற சொல் இருக்கும். முகவருக்கான எண்ணில் 'ஏஜென்ட்' என்று இருக்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளவே எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தவரின் கார்டில் பெயர், கைப்பேசி எண், அலுவலக முகவரி, முகவர் பதிவு எண், 'திருவொற்றியூர், எண்ணூர், மணலி' என்ற மூன்று ஊர்ப் பெயர்கள், இவ்வளவே இருந்தன. அந்த எண்ணைத் தட்டியவுடன் அவருடைய பெயரும் புகைப்படமும் வந்தன. அவர் இன்னும் என்னென்ன படித்தவர் என்பது கிரயம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அண்ணா, உங்கள் கார்டில் எதைப் போட்டாலும், என்னைப் போன்ற ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்கக்கூடியதாகப் போடுங்கள். சரிபார்க்க முடியாத பட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எங்களுக்கு அது வெறும் எழுத்துதான்.

பதில் 3: இராயபுரம் வழக்கறிஞர்

முதலில் ரெரா பதிவு எண். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் உள்ள மனையையோ அடுக்குமாடி வீட்டையோ விற்கவும் வாங்கவும் துணை செய்யும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும், தாம் துணை செய்யும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. தனி நபரிடமிருந்து தனி நபர் வாங்கும் பழைய வீடு இதற்குள் வராது. சர்மா நகர் வீடு அத்தகையது என்றே தோன்றுகிறது. ஆயினும் நீங்கள் இரு வகை வேலையும் செய்பவர் என்பதால், எண்ணை எல்லாக் கார்டிலும் தெளிவாகப் போட்டுவிடுவதே நல்லது.

10-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. தம் சேவை குறிப்பிட்ட தரத்திலோ நிலையிலோ இருப்பதாகப் பொய்யாகக் காட்டுவதும், தமக்கோ கட்டுமான நிறுவனத்துக்கோ இல்லாத அங்கீகாரமோ இணைப்போ இருப்பதாகக் காட்டுவதும் அங்கே நியாயமற்ற வணிக முறைகளாகச் சொல்லப்பட்டுள்ளன. வாயால் சொல்வது, எழுத்தில் கொடுப்பது, கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். விசிட்டிங் கார்டும் எழுத்துதான். 62-ஆம் பிரிவின்படி, இவற்றை மீறும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வீதம், அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை தண்டம் விதிக்கலாம். முன்னே எழுதிய சகோதரி குறிப்பிட்ட 'சி.எம்.டி.ஏ. அங்கீகாரம்' என்ற வரியைப் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

தம்பியின் பெயரைச் சேர்ப்பது குறித்து: தயவுசெய்து வேண்டாம். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதி, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வேலை தேடுவதைத் தடுக்கிறது. குறிப்பிட்ட ஒரு வகை வழக்கில் வல்லவர் என்று பெயர்ப் பலகையிலோ தாளிலோ எழுதிக்கொள்வதற்கும் இடமில்லை. 47-ஆவது விதி, வழக்கறிஞர் தாமே வணிகம் நடத்துவதைத் தடுக்கிறது. 2024 ஜூலையில், இணையதளங்கள் வழியாக வேலை தேடும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஒரு மனை முகவரின் கார்டில் வழக்கறிஞர் பெயர் அச்சாகி ஊரெங்கும் சென்றால், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை உங்கள் தம்பிக்கே வரும். தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்க வேண்டிய வாடிக்கையாளர், தம் விருப்பப்படி ஒரு வழக்கறிஞரைத் தேடிக்கொள்வதே அவருக்கும் பாதுகாப்பு.

பதில் 4: புரசைவாக்கத்திலிருந்து டெக்சாஸ் வந்தவர்

அமெரிக்கப் பயிற்சியைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. இங்கே முகவருக்கான உரிமத்தை அந்தந்த மாநிலம் வழங்குகிறது. அதற்கு மேல் சி.ஆர்.எஸ்., ஜி.ஆர்.ஐ., ஏ.பி.ஆர். போன்ற சுருக்கெழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவற்றுக்குத் தனித்தனிப் பாடமும், பலவற்றுக்கு உறுப்பினர் கட்டணமும் உண்டு. 'ரியல்டர்' என்பதுகூட இங்கே பொதுச்சொல் அல்ல, முகவர்களின் தேசிய சங்கத்தின் வணிகக்குறி. உறுப்பினர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். நீங்கள் முடித்தது ஒரு பயிற்சி என்றால், அதன் பெயரை முழுமையாக உங்கள் இணையப் பக்கத்தில் எழுதலாம். சுருக்கெழுத்தாக்கிப் பெயரோடு ஒட்டினால், கொளத்தூரில் அதைப் படிப்பவர் பல்கலைக்கழகப் பட்டம் என்று எண்ணிக்கொள்வார்.

பதில் 5: ஆண்டர்சன் தெரு அச்சகத்தார்

பாரிமுனையில் இந்தத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். மூன்றரை அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள அட்டையில், ஓரங்களை விட்டுவிட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது மூன்று அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம்தான். ஆங்கில எழுத்தை 7 புள்ளி (பாயின்ட்) அளவில் அடித்தாலும் ஒருவாறு படித்துவிடலாம். தமிழ் அப்படி அல்ல: ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும், மேற்சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் 9 புள்ளி அளவுக்குக் கீழே போனால் அடைத்துக்கொள்கின்றன. ஏழு வரித் தகுதிகளைத் தமிழில் போட்டிருந்தால், அந்த அம்மா வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தும் படிக்கச் சிரமப்பட்டதில் வியப்பில்லை.

முன்பக்கம் முழுவதும் தமிழில், பெயர் 14 புள்ளியில், தொழில் ஒரே வரியில், கைப்பேசி எண் பெரிதாக, ரெரா எண் 9 புள்ளியில். பதிவு எண்ணை மட்டும் சான்றிதழில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் இணையதளத்தில் தேடுபவருக்குக் கிடைக்கும். பின்பக்கம் ஆங்கிலம். ஜி.எஸ்.டி. எண்ணை அலுவலக வாசல் பலகையில் போட வேண்டும், பில்லில் போட வேண்டும்; கார்டில் தேவையில்லை. மளமளப்பான லேமினேஷன் வேண்டாம். மேட் தாளாக இருந்தால் வெயிலில் கண் கூசாது, பேனாவால் குறிப்பும் எழுதிக்கொள்ளலாம்.

அரசின் சிங்க முத்திரையைக் கார்டில் போட்டுத் தரச் சொல்லி மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் நான் அடிப்பதில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குற்றம், அச்சிட்டவனுக்கும் வம்பு.

உங்களுக்கு இன்னொரு யோசனை. முகவர் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குத்தான். 2021-இல் பதிந்தவர் என்பதால், புதுப்பித்த சான்றிதழ் கைக்கு வரும்வரை ஆயிரம் கார்டு அடித்து அடுக்கி வைக்காதீர்கள். இப்போதைக்கு இருநூறு போதும்.

கேள்வி கேட்டவர்

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் அமர்ந்து எண்ணைச் சரிபார்ப்பார்கள் என்பதை இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. என் பதிவு எண் பழைய கார்டில் கடைசி வரியில், முகவரிக்கும் கீழே இருக்கிறது.

மதிப்பீட்டாளர் பதிவைத் தனிக் கார்டுக்கு மாற்றிவிடுகிறேன். நான் விற்பனைக்கு எடுத்துக்கொள்ளும் எந்தச் சொத்துக்கும் மதிப்பீட்டு அறிக்கை எழுதுவதில்லை என்பதை, விற்பனை ஒப்புதல் கடிதத்திலும் ஒரு வரியாகச் சேர்க்கப் போகிறேன். சங்கப் பொறுப்பையும் அமெரிக்கப் பயிற்சியையும் எடுத்துவிட்டேன். பொறியாளர் அமைப்பின் உறுப்பினர் சான்றிதழ் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். தம்பியிடம் 36-ஆவது விதியைப் பற்றிப் பேசினேன். தானே சொல்லியிருக்க வேண்டும் என்று வருந்தினான்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பெயருக்குக் கீழே 'ரியல் எஸ்டேட் முகவர்' என்று போடுவதா, 'வீடு, மனை விற்பனை முகவர்' என்று போடுவதா?

தண்டையார்பேட்டை வாசகி

இரண்டாவதைப் போடுங்கள் அண்ணா. கீழே கொளத்தூர், வியாசர்பாடி, மாதவரம் என்று ஊர்ப் பெயர்களையும் சேருங்கள். அடித்து வந்ததும், முதல் கார்டைச் சர்மா நகர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.